மூட்டுவலி வந்த நாய் ஏன் இரவெல்லாம் நடக்கிறது?

பகலெல்லாம் தூங்கி வழிந்த நாய், வீட்டில் விளக்கை அணைத்ததும் எழுந்து நடக்க ஆரம்பிக்கிறது. டைல்ஸ் தரையில் நகம் படும் சத்தம் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போய், அங்கிருந்து வாசல் கதவு வரை வந்து திரும்புகிறது. படுக்கிறது, முனகுகிறது, மறுபடி எழுகிறது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குகிறது. பத்து வயதைத் தாண்டிய நாய் இருக்கும் வீடுகளில் இது அபூர்வமான காட்சியல்ல. அக்கம்பக்கத்தில் சொன்னால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வளர்ப்பவரோ மருத்துவரிடம் போய், நாய் தூங்குவதற்கு ஏதாவது மருந்து கிடைக்குமா என்று கேட்கிறார். இந்த இரண்டுமே பிரச்சினையைத் தவறான முனையில் பிடிக்கின்றன என்பது என் கருத்து. இரவு நடை ஓர் அறிகுறி. ஏற்கெனவே மூட்டு கெட்டுப்போன நாய் இரவில் தூங்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியை. மற்ற காரணங்களை அதன் பிறகு, ஆனால் விடாமல், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நாய்களின் மூட்டுத் தேய்மானம் முதுமையில் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலான நாய்களில் அதன் தொடக்கம் குட்டிப் பருவத்திலேயே இருக்கிறது. இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சரியாகப் பொருந்தாமல் வளர்வது, முழங்கை மூட்டு கோணலாக வளர்வது, பின்னங்கால் முட்டியின் தசைநார் கிழிவது ஆகியவை முக்கியக் காரணங்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் போன்ற கனத்த இனங்களில் இவை அதிகம். குருத்தெலும்பு தேய்வது கதையின் ஒரு பகுதிதான். மூட்டை மூடியிருக்கும் சவ்வு வீங்குகிறது, எலும்பு ஓரங்களில் முள் வளர்கிறது, வலிக்குப் பயந்து நாய் பயன்படுத்தாத தசை கரைந்துபோகிறது. வருடக்கணக்கில் வலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கும் தண்டுவடமும் மாறிவிடுகிறது. சின்னச் சீண்டலையும் பெரிய வலியாக மூளைக்கு அனுப்பத் தொடங்குகிறது.

எத்தனை நாய்களுக்கு இந்த நோய் என்ற கேள்விக்கு வந்திருக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்கின்றன. ஒரு வயதைத் தாண்டிய நாய்களில் ஐந்தில் ஒன்றுக்கு இருக்கிறது என்று 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த மதிப்பீடு சொன்னது. பிரிட்டனில் சாதாரண கால்நடை மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஓர் ஆண்டில் 2.5 சதவீத நாய்களின் பதிவில்தான் இந்த நோயைக் கண்டது. இரண்டும் எண்ணிய முறை வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை நான் ஒரே விதமாகத்தான் வாசிக்கிறேன்: மூட்டில் நோய் இருந்தும் பதிவேட்டில் ஏறாத நாய்கள் ஏராளம். நாய் கத்துவதில்லை, சாப்பாட்டை நிறுத்துவதில்லை. மாடிப்படி ஏறுவதை மட்டும் ஒருநாள் நிறுத்திவிடுகிறது.

சரி, வலி ஏன் இரவில் வெளிப்படுகிறது? கெட்டுப்போன மூட்டு, அசையாமல் கிடந்தால் விறைத்துப்போகும். தூங்கி எழும்போதுதான் அதற்கு அதிகக் கஷ்டம். பகலில் ஆட்கள் நடமாட்டம், வாசல் மணி, சமையல் வாசனை எல்லாம் நாயின் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன. இரவில் அதன் உடம்பும் அதுவும்தான். கூடவே கடினமான தரை இடுப்பிலும் முழங்கையிலும் அழுத்துகிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் அளவு குறைவது தெளிவாகியிருக்கிறது. நாயிலும் அதே சுழல் இருப்பதாகக் கொள்வதில் தவறில்லை.

இது வெறும் ஊகமாகவே நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயின் இரவு அமைதியின்மையை அளப்பதற்காகவே வளர்ப்பவர்களிடம் கேட்கும் ஒரு வினாத்தாளை உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்கு அழற்சி குறைக்கும் வலி மருந்து ஒரு கட்டத்திலும், மருந்தில்லாத போலி மாத்திரை இன்னொரு கட்டத்திலும் தரப்பட்டது. எது எப்போது என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியாது. மருந்து உள்ளே போன காலத்தில் இரவுகள் அமைதியானதாக அவர்களின் மதிப்பெண்கள் காட்டின. சிறிய ஆய்வுதான். ஆனால் தூக்க மருந்தே இல்லாமல், வலியைக் குறைத்ததால் மட்டும் தூக்கம் தேறியதாக வளர்ப்பவர்கள் கண்டது இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

நங்கநல்லூரில் ஒரு வீட்டில் பதின்மூன்று வயது லேப்ரடார் படுப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விரிப்பின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றியது. முன்னங்கால்களை மெல்ல நீட்டி மார்பைத் தாழ்த்தியது. பின்பாகம் இறங்கவில்லை. தொடை இரண்டும் நடுங்கின; பாதி உட்கார்ந்த நிலையில் சில வினாடி நின்று, நிமிர்ந்துவிட்டது. மறுபடி சுற்றியது. கடைசியில் இடுப்பைத் தொப்பென்று கீழே போட்டு, ஒரு நீண்ட மூச்சு விட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் புரள நினைத்தபோது அத்தனையும் முதலிலிருந்து தொடங்கியது. வலியால் தூங்காத நாய் இப்படித்தான் இருக்கும். அது படுக்க விரும்புகிறது, முடியவில்லை. மடியும் இடத்தையோ முன்காலின் மணிக்கட்டையோ ஓயாமல் நக்கும். எழுந்ததும் முதல் பத்தடி விறைப்பாக நடந்து, பிறகு சற்று இளகும்.

மூளை தளர்ந்ததால் நடக்கும் நாய் வேறு மாதிரி. முதிய நாய்களுக்கு வரும் அறிவாற்றல் குறைபாடு மனிதர்களின் அல்சைமர் நோயோடு பல வகையில் ஒத்தது; மூளையில் படியும் அமிலாய்டு புரதம்கூட இரண்டிலும் உண்டு. இந்த நாய் அறை மூலையில் போய்ச் சுவரைப் பார்த்தபடி நிற்கும். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கும் பக்கத்தில் காத்திருக்கும். சோபாவுக்குப் பின்னால் நுழைந்து வெளியே வரத் தெரியாமல் திகைக்கும். பல வருடம் பழகிய வீட்டுக்காரரை ஒரு கணம் அந்நியரைப் போலப் பார்க்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திலும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திலும் இத்தகைய மாற்றங்களில் ஒன்றாவது இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2010இல் வந்த ஆய்வோ, எட்டு வயதைத் தாண்டிய நாய்களில் சுமார் 14 சதவீதத்துக்கு இந்நோய் இருக்கலாம் என்றும், மருத்துவர் கண்டறிந்தது 2 சதவீதத்துக்கும் குறைவுதான் என்றும் காட்டியது. இங்கும் அதே கதை. நோய் இருக்கிறது, பெயர் வைக்க ஆளில்லை.

மூட்டுவலியும் மூளைத் தளர்ச்சியும் ஒரே நாயில் சேர்ந்திருப்பது சாதாரணம். இரண்டுமே வயதோடு கூடுபவை என்பதால் வேறெப்படியும் இருக்க முடியாது. மறதி என்று முடிவு கட்டிவிட்டால் வலியைத் தேடுவது நின்றுவிடும் என்பதுதான் ஆபத்து. அதனால் மறதிக்கான அடையாளம் தெளிவாகத் தெரிந்தாலும் வலி மருந்தைச் சரியான அளவில் சில வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கால்நடை மருத்துவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். இரவு எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவு வலியின் பங்கு. மிச்சம் இருப்பது மூளைக்கோ வேறு நோய்க்கோ உரியது.

அந்த வேறு நோய்களையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த நாயும் சர்க்கரை நோய் உள்ள நாயும் நிறையத் தண்ணீர் குடித்து, இரவில் வெளியே போக அலையும். அட்ரினல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயில் தாகத்தோடு மூச்சு வாங்கலும் சேரும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கும் இதே தாகமும் மூச்சிரைப்பும் வரும். இதய வால்வுக் கசிவு முற்றிய நாயால் படுக்க முடியாது, படுத்தால் இருமும். அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30ஐத் தாண்டினால் மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் ஊரில் மறக்கக் கூடாத இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி பல மூட்டுகளில் ஒரே சமயத்தில் வீக்கத்தை உண்டாக்கக் கூடியது. நேற்றுவரை ஓடிய நாய் இன்று நாலு காலிலும் நொண்டினால் அது தேய்மானம் இல்லை, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

தீபாவளியை ஒட்டிப் பலர் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். எட்டு வருடம் வெடிச் சத்தத்துக்கு அசையாத நாய், ஒன்பதாவது வருடம் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறது. தசை, எலும்பு வலியுள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் பிந்திய வயதில்தான் தொடங்குகிறது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. திடுக்கிட்டுத் துள்ளும்போது மூட்டு சுளீரென்று வலிக்கிறது. சத்தத்தையும் வலியையும் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். முதிய நாய்க்குப் புதிதாக வரும் எந்தப் பயத்தையும் மூட்டுப் பரிசோதனை இல்லாமல் விடக் கூடாது.

மருந்துகளில் ஆதாரம் அழுத்தமாக இருப்பது கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப் முதலான ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகளுக்குத்தான். தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை தேவை. வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டில் வெறுப்பு தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். இவற்றோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரைப்பையில் புண் வெடிக்கக்கூடும். ஒரு மருத்துவர் போட்ட ஊசி என்னவென்று தெரியாமல் அடுத்த மருத்துவரிடம் மாத்திரை வாங்குவது நம்மிடையே சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமான எச்சரிக்கை, வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பற்றியது. இபுப்ரோஃபென்னும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நமக்குத் தடவும் வலிக் களிம்பை நாயின் காலில் தடவினாலும் அது நக்கி உள்ளே போகும். டைக்ளோஃபினாக் இந்தியாவுக்குத் தந்த பாடம் பெரிது. மாடுகளுக்குப் போட்ட அந்த மருந்தே பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது என்று தெரிந்ததும், 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது தடை செய்யப்பட்டது. மாற்றாக முன்வைக்கப்பட்டது மெலாக்சிகாம். இன்று மூட்டுவலி நாய்களுக்கு மருத்துவர் எழுதித் தருவதும் பல சமயம் அதே மெலாக்சிகாம்தான். ஆனால் அளவு நாயின் எடைக்கு உரியது, மனிதருக்கானது அல்ல.

அழற்சி நீக்கி மட்டும் போதாதபோது அமன்டடின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். மெலாக்சிகாமோடு அதைச் சேர்த்தால் நாய்களின் நடமாட்டம் கூடியதாக 2008இல் ஆய்வு வந்திருக்கிறது. காபாபென்டின் மிகப் பரவலாக எழுதப்படுகிறது, ஆதாரம் மெலிந்தது. ஆனால் அது தரும் லேசான மயக்கம் இரவு வேளைக்கு உதவுவதால் மருத்துவர்கள் விடுவதில்லை. மனிதர்களுக்கான திரவ காபாபென்டின் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம் என்பதால் மாத்திரையாகவே வாங்குவது நல்லது. டிராமடால் என்ற வலி மருந்தை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 2018இல் வந்த கட்டுப்பாட்டு ஆய்வில், மூட்டுத் தேய்மான நாய்களுக்கு அது போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. அப்படியிருந்தும் பழக்கத்தால் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

மாதம் ஒரு ஊசியாகப் போடும் பெடின்வெட்மாப் புதிய வகை. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் மூட்டுவலியைப் பெருக்குகிறது; இந்த ஊசி அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. இத்தகைய வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ரீட்டா லெவி மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் தள்ளாட்டம், வலிப்பு, சிறுநீர் அடக்க முடியாமை முதலான புகார்கள் வந்ததையடுத்து, 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பலனடைந்த நாய்களும் நிறைய. நரம்புக் கோளாறு ஏற்கெனவே உள்ள நாய்க்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மறதி நோய்க்கு செலிஜிலின் என்ற மருந்தை அமெரிக்கா 1998இல் அனுமதித்தது. சில நாய்களுக்குப் பகல், இரவு ஒழுங்கு திரும்புகிறது. டிராமடாலோடு அதைச் சேர்ப்பது ஆபத்து. வெறும் மயக்க மருந்துகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அவை வலியைக் குறைப்பதில்லை. மயங்கிய நிலையில் எழ முயலும் மூட்டுவலி நாய் கால் பரப்பிக்கொண்டு விழும், ஏற்கெனவே கெட்ட இடுப்பு இன்னும் கெடும்.

மாத்திரைக்கு இணையாக நான் மதிப்பது தரையை. கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் வழவழப்பான டைல்ஸ் பரவிவிட்டது. தசை கரைந்த பின்னங்கால் அதில் நிற்காது. வழுக்கும் பயத்தில் நாய் இரவில் உடம்பை விறைத்துக்கொண்டே நடக்கும், தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் போகவும் தயங்கும். படுக்கையிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து வாசலுக்கும் ரப்பர் விரிப்போ பழைய யோகா மேட்டோ தொடர்ச்சியாகப் போட்டால் அந்த வாரமே வித்தியாசம் தெரியும். நகத்தை வெட்டுங்கள், பாத மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியையும் கத்தரியுங்கள். இரண்டும் பிடிமானத்தைக் கெடுப்பவை. கண் மங்கிய நாய்க்கு ஒரு சிறிய இரவு விளக்கு வேண்டும்.

படுக்கையில் நம் வெயில் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. மெத்தை போட்டாலும் நாய் அதை விட்டுவிட்டுக் குளிர்ந்த தரையில்தான் போய்ப் படுக்கும். அந்தத் தரைதான் இடுப்பில் குத்துகிறது. தடித்த பஞ்சு மெத்தைக்கு மேல் பருத்தித் துணி விரித்து, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் போட்டால் பல நாய்கள் ஏற்கின்றன. இலவம்பஞ்சு மெத்தை குளிர்ச்சியானது, ஆனால் சீக்கிரம் அமுங்கிப் பள்ளமாகிவிடும். பள்ளத்தில் படுத்த நாயால் ஊன்றி எழ முடியாது என்பதால் படுக்கை கெட்டியாக இருப்பதே முதல் தேவை. மார்கழியில் கணக்கு தலைகீழ். கதவிடுக்குக் காற்று படாத இடம், வெதுவெதுப்பான துணி ஒத்தடம், ஒரு போர்வை.

எடையைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது கஷ்டம், ஏனென்றால் பிஸ்கட்தான் பாசம். தாத்தா ஒன்று, பாட்டி ஒன்று, பள்ளியிலிருந்து வரும் பேரன் இரண்டு. ஆனால் இந்தத் துறையிலேயே உறுதியான முடிவுகளில் ஒன்று எடையைப் பற்றியதுதான். 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தி வந்தது. ஏற்கெனவே நொண்டும் குண்டு நாய்க்கும் வழி இருக்கிறது. உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்ததுமே நொண்டல் குறைந்ததாக 2010இல் கண்டார்கள். 35 கிலோ லேப்ரடாருக்கு அது இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு கொடுத்தாலும் வாலாட்டும்.

மூட்டுச் சத்து மாத்திரைகள் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2022இல் வந்த மதிப்பாய்வு, ஒமேகா 3 கொழுப்புக்கு வலி குறைக்கும் பலன் இருப்பதாகவும் குளுக்கோசமின், காண்ட்ராய்டினுக்கு இல்லை என்றும் முடிவு சொன்னது. பணம் குறைவாக இருந்தால் அதை மீன் எண்ணெய்க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் செலவிடுங்கள்.

நடை நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரைக்கு நீண்ட நடை, மற்ற நாள் எதுவுமில்லை என்பது மூட்டுக்கு மோசமான ஏற்பாடு. தினமும் ஒரே அளவு, சிறிது சிறிதாக, சாயங்காலம் ஒருமுறை, படுக்கப் போகுமுன் சிறுநீருக்காக இன்னொருமுறை. பகலில் இரண்டு மூன்று தடவை எழுப்பி வேலை கொடுத்தால் தூக்கம் இரவுக்கு மிஞ்சும். மாத்திரை வேளையைச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

இந்தக் கட்டுரையில் இதுவரை வராதவர், நாயோடு சேர்ந்து விழித்திருப்பவர். நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஓய்வு பெற்ற அப்பாவோ அம்மாவோதான். அவர்களுக்கும் முட்டி வலி உண்டு. லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் இரண்டாவது மாடியிலிருந்து நாயைத் தூக்கி இறக்குவது அவர்களால் ஆகாது. நீளமான துண்டை வயிற்றுக்கடியில், தொடைக்கு முன்னால் சுற்றி, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் நாய் தன் காலாலேயே இறங்கும், பாரம் பாதியாகும். நீண்டகால நோயுள்ள செல்லப்பிராணியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் அதிகம் என்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2017இல் காட்டியது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரவுகளை முறை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். முறை இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

மருத்துவரிடம் போகும்போது நாய் பரபரப்பில் நன்றாக நடந்து காட்டிவிடும். அதனால் இரவில் நடப்பதையும் படுக்க முயல்வதையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். காலண்டரில் ஒவ்வொரு காலையும் முந்தைய இரவுக்கு நல்லது, சுமார், மோசம் என்று ஒரு குறி போடுங்கள். மருந்து மாற்றிய தேதியையும் அதிலேயே எழுதுங்கள். மருந்து கேட்கிறதா என்பதை அந்தக் குறிகள் நினைவைவிட நேர்மையாகச் சொல்லும். வலி மருந்து, எடை, தரை, மூளைக்கான மருந்து எல்லாம் சரியாகச் செய்த பிறகும் மோசமான இரவுகளே மாதம் முழுக்க நிறைந்து, சாப்பாட்டிலும் உங்கள் முகத்திலும் நாய்க்கு ஆர்வம் போய்விட்டால், வலியின்றி விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்திருக்கிறது. அந்தப் பேச்சைத் தூங்காத இரவின் மறுநாள் காலையில் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் எல்லாரும் இருக்கும் ஒரு பகலில், காலண்டரை நடுவில் வைத்துப் பேசுங்கள்.